மலையாளத்தை நிறுத்தணுமா? மண்டபம் ஊர் அப்பாவுக்குப் பதில்

நீங்கள் தமிழ், மனைவி மலையாளம், பக்கத்து வீடு இந்தி. 16 மாதப் பையன் நாலைந்து சொல்தான் பேசுகிறான், அதனால் மலையாளத்தை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நிறுத்த வேண்டாம் சகோ. பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. நீங்கள் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணியிருப்பீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அம்மாவிடம் பேசுவதையும் சேர்த்து எண்ணுங்கள்.

எண்ணிக்கையைவிட முக்கியமானவை வேறு. கரையில் படகைப் பார்த்தால் விரல் நீட்டிக் காட்டுகிறானா? பெயர் சொன்னால் திரும்புகிறானா? "பந்தை எடுத்துட்டு வா" என்றால் புரிகிறதா? ரயில் சத்தம் வரும் திசையைத் தேடுகிறானா? இவையெல்லாம் இருந்தால் 18 மாதம் வரை நிதானமாகப் பார்க்கலாம். 2 வயதுக்குள் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும், எந்த மொழியிலும், கலந்தும்கூட.

இவற்றில் ஏதாவது இல்லையென்றால், அல்லது முன்பு சொன்ன சொற்களை விட்டுவிட்டான் என்றால், காத்திருக்காதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் காது கேட்கும் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் பெரா (BERA) சோதனையைத் தூங்கும்போதே எடுப்பார்கள், வலிக்காது. அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், சாப்பாட்டு நேரத்தில் போனைத் தள்ளி வைத்துவிட்டு அவனோடு பேசுங்கள்.