முதன்முதலாக ஓட்டுபவருக்கு எந்த மோட்டார் சைக்கிள் பொருத்தமானது?

புதியவருக்குப் பொருத்தமான வண்டி என்பது, அவர் செய்யும் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொண்டு, திருத்திக்கொள்ள அவகாசமும் தரும் வண்டி. கிளட்ச், கியர், பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றைப் பழகும் காலத்தில் கவனத்தின் பெரும்பகுதி அவற்றிலேயே சென்றுவிடுவதால், சாலைக்கு மிஞ்சுவது கொஞ்சமே. அந்நிலையில் ஆற்றல் மிகுந்த வண்டியை ஓட்டுவது, இலேசாகத் திருகினாலே பீறிட்டுக் கொட்டும் குழாயில் சிறு குவளையை நிரப்ப முயல்வதைப் போன்றது. 125 முதல் 200 சிசி வரையிலான ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் பெரும்பாலும் சீராகவே வேகமெடுக்கும் என்பதால், பழகுவதற்கு அவை போதும்.

ஆனால் சிசியைவிட எடையும் இருக்கை உயரமும் முக்கியமானவை என்பது என் கருத்து. புதியவர்கள் வண்டியைச் சாய்த்துவிடுவது பெரும்பாலும் அதை நிறுத்தும்போதோ மெதுவாகத் திருப்பும்போதோதான். ஆகவே, வாங்கும் முன் அதன்மேல் அமர்ந்து, இரு பாதங்களும் தரையில் உறுதியாக ஊன்றுகின்றனவா என்று பார்த்து, இறங்கிச் சற்றுத் தூரம் தள்ளியும் பாருங்கள் (விற்பனையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை). கூடுதல் பணம் செலவிடுவதாக இருந்தால் ஏபிஎஸ் வசதிக்குச் செலவிடலாம். பதறிப்போய் பிரேக்கை இறுகப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் அது தடுக்கிறது.

பெரிய வண்டியை வாங்கி நிதானமாக ஓட்டினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது கை தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரைத் திருகிவிடக்கூடும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.