வெட்டெழுத்தில் யூத வரலாறு: கேள்வி பதில்

முத்திரை, செப்பேடு, கல்லறை எழுத்து பற்றி எதுவும் கேட்கலாம். விலை மட்டும் கேட்காதீர்கள்.

கே: பழைய எருசலேமில் கல் முத்திரையை எதை வைத்து வெட்டினார்கள்? இரும்பு உளியா?

ப: சுண்ணாம்புக்கல் என்றால் கூர்முனை போதும், கீறலாம். ஆனால் நல்ல முத்திரைகள் சூதுபவளம், அகேட், ஜாஸ்பர் போன்ற கற்கள். கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவில் இவை 7. இரும்பு முனை அதில் வழுக்கும். வெட்டுவது கருவி அல்ல, பொடிதான். வில்லால் சுற்றும் செம்பு முனை, அடியில் எண்ணெயில் குழைத்த குருந்தப்பொடி, அதாவது இந்தக் கற்களைவிடக் கடினமான கனிமத்தின் பொடி. பொடி தேய்க்கத் தேய்க்கக் குழி விழும்.

எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் வரும். ஏழு எழுத்தைத் திருப்பியவன் எட்டாவதை மறந்து நேராக வெட்டிவிடுவான். பொதுவான அமைப்பு: நீள்வட்ட முகம், இரண்டு வரி, நடுவே இரட்டைக் கோடு. முதலில் 'உரியது' என்னும் பொருள் தரும் லாமெத் எழுத்து, பிறகு பெயர், பிறகு தகப்பன் பெயர்.

பாப்பிரஸ் என்னும் நாணல் தாளைச் சுருட்டி, நூல் கட்டி, முடிச்சின்மேல் களிமண் உருண்டையை அப்பி முத்திரையை அழுத்துவார்கள். பாப்பிரஸ் எரிந்தால் களிமண் சுட்டு இறுகிவிடும். கி.மு. 586-இல் எருசலேம் எரிந்ததால்தான் 1982-இல் தாவீதின் நகர அகழாய்வில் ஒரே வீட்டில் 51 களிமண் முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. ஒன்றில் 'சாப்பான் மகன் கெமரியா' என்று இருக்கிறது. விவிலியத்தின் எரேமியா நூல் 36-ஆம் அதிகாரத்தில் வரும் அதே பெயர்.

கே: எருசலேம் கடையில் வாங்கிய முத்திரை. அசலா?

ப: தோண்டிய இடம் தெரியுமா? தெரியாதென்றால் எந்தப் படமும் உதவாது. எரேமியாவின் எழுத்தரான 'நேரியா மகன் பாருக்' பெயரோடு சந்தைக்கு வந்த பதிவைப் பல அறிஞர்கள் பல ஆண்டுகள் நம்பினார்கள். இன்று அது போலி என்பதே பெரும்பாலோர் கருத்து. இஸ்ரேல் அருங்காட்சியகம் 1988-இல் 5,50,000 டாலர் கொடுத்து வாங்கிய, எழுத்துப் பொறித்த தந்தத்தாலான மாதுளையை 2004-இல் ஒரு குழு ஆராய்ந்து, மாதுளை பழையது, எழுத்து புதியது என்றது. களிமண் பதிவென்றால் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: பாப்பிரஸ் நார்த் தடமும் நூல் பள்ளமும் இருக்க வேண்டும். ஆனால் போலி செய்பவனுக்கும் இது தெரியும்.

கே: உருவம் செதுக்கவே தடை இருக்கும்போது முத்திரை மோதிரம் எப்படி?

ப: நல்ல கேள்வி. யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூத்தில் ஒரு விதி உண்டு. உருவம் புடைத்திருந்தால் அந்த மோதிரத்தை அணியக் கூடாது, முத்திரை குத்தலாம். குழிந்திருந்தால் அணியலாம், குத்தக் கூடாது. ஏன்? குழிந்ததைக் குத்தினால் களிமண்ணில் புடைத்து எழும். செதுக்குபவன் கணக்கு தெரிந்தவர்கள் போட்ட சட்டம்.

கே: பத்துக் கட்டளைப் பலகையில் எழுத்து மறுபக்கம் வரை துளைத்துப் போனதாமே?

ப: தால்மூத் அப்படித்தான் சொல்கிறது. அப்படித் துளைத்தால் மூடிய வடிவுள்ள எபிரேய எழுத்துகளான சாமெக், இறுதி மேம் இரண்டின் நடுத்துண்டும் விழுந்துவிடும். அவை அற்புதத்தால் நின்றன என்று அங்கேயே பதிலும் இருக்கிறது.

கே: சாலமோன் ஆலயம் கட்ட ஷமீர் என்ற புழு கல்லை வெட்டியது உண்மையா?

ப: கதை. அடுத்தது.

கே: சாக்கடல் கரையோரக் கும்ரானில் கிடைத்த செப்புச் சுருள் சொல்லும் புதையல்?

ப: 1952-இல் கிடைத்தது. விரிக்க முடியாமல் மான்செஸ்டரில் 23 துண்டாக அறுத்துப் படித்தார்கள். அதில் சொன்ன பொன்னும் வெள்ளியும் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

கே: கொச்சி யூதர் செப்பேடு தமிழா, மலையாளமா?

ப: வந்துவிட்டதா! சேர அரசன் பாஸ்கர ரவி வர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவையும் 72 விடுபேறுகளையும் கொடுத்த பட்டயம். இரண்டு ஏடு, மூன்று பக்கம் எழுத்து, மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் இருக்கிறது. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை எல்லாம் அந்த உரிமைகளில் அடக்கம். கி.பி. 379 என்பது சமூக மரபு. எழுத்து வடிவையும் அதே அரசனின் பிற கல்வெட்டுகளையும் வைத்துப் பார்த்தால் கி.பி. 1000-ஐ ஒட்டியது.

கே (அதே நண்பர்): வட்டெழுத்தில் இருப்பதால் தமிழ்தானே?

ப: எழுத்து வேறு, மொழி வேறு. கி.பி. 849-இன் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் யூத சாட்சிகளின் கையெழுத்து எபிரேய எழுத்தில் இருக்கிறது, மொழியோ பாரசீகம். வேடிக்கை பாருங்கள்: கிறித்தவத் தேவாலயத்துக்குத் தந்த அந்த ஏட்டில் எபிரேய எழுத்து உண்டு, யூதருக்குத் தந்த ஏட்டில் ஒன்றுகூட இல்லை.

கே (இன்னொருவர்): 'அஞ்சு' என்று இருக்கிறதே, மலையாளம்தான்.

ப: உங்கள் வீட்டில் 'ஐந்து' என்றா சொல்கிறீர்கள்? அதே ஏட்டில் 'குடுத்தோம்' என்று ஓம் விகுதியும் நிற்கிறது. பின்னால் மலையாளம் இழந்த விகுதி அது. மேலைக்கரைத் தமிழ் வழக்கு மலையாளமாகப் பிரிந்துகொண்டிருந்த காலம். ஒரு பெயரை ஒட்டியே தீர வேண்டுமென்றால் இருவரும் வெளியே போய்ச் சண்டையிடுங்கள்.

கே: எபிரேயக் கல்லறையில் ஆண்டு படிப்பது எப்படி?

ப: இதுதான் உருப்படியான வேலை. எழுத்துகளே எண்கள். தாவ் 400, ஷின் 300, ஹேத் 8: மொத்தம் 708. ஆயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அது யூத ஆண்டு 5708. 708 உடன் 1240 கூட்டினால் கி.பி. 1948. ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் திஷ்ரி மாதத்தில் பிறப்பதால், அப்போதிருந்து டிசம்பர் வரை இறந்தவருக்கு 1239 கூட்டுங்கள். நாள் 15 என்றால் யோத்-ஹே வராது, அது இறைப்பெயரின் பாதி. தேத்-வாவ், அதாவது 9+6 என்று வெட்டுவார்கள். தேய்ந்த கல்லில் ஹே, ஹேத் குழம்பும்: ஹேயின் இடக்கால் மேலே ஒட்டாது. மாற்றிப் படித்தால் மூன்று ஆண்டு பிசகும்.

கேரளத்துச் சேந்தமங்கலத்தில் உள்ள, சாரா என்ற யூதப் பெண்ணின் கல்லறைக் கல்லில் இந்தக் கணக்கு செல்லாது. அது கி.மு. 312-இல் தொடங்கும் செலூக்கிய ஆண்டுக் கணக்கில் 1581, மாதம் கிஸ்லேவ். 312 கழித்தால் கி.பி. 1269.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள். துகள் கல்லின் துளைகளில் தங்கி ஈரத்தை இழுக்கும், மேல்தோல் உரியும். முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி அடியுங்கள். நிழலே எழுத்தைக் காட்டும்.

கே: தாத்தா வீட்டில் ஆறுமுனை நட்சத்திரம் பொறித்த செம்புத் தட்டு. யூதருடையதா? என்ன விலை போகும்?

ப: ஆறுமுனை நட்சத்திரம் நம் கோலத்திலும் யந்திரத் தகட்டிலும் உண்டு. எபிரேய எழுத்து ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு வாருங்கள். புளி போட்டுத் தேய்த்துவிட்டு வராதீர்கள். விலைக்கு மேலே முதல் வரி.