எழுந்து போக விடுகிற விளையாட்டு எது? இணையவழிப் பலர் ஆட்டங்கள் குறித்த கேள்வி பதில்

வேலை, படிப்பு, வீட்டுப் பொறுப்பு ஆகியவற்றுக்கு நடுவே, பொழுதுபோக்காக மட்டும் இணையத்தில் பிறரோடு சேர்ந்து விளையாட விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எந்த விளையாட்டு சிறந்தது என்று பொதுவாகக் கேட்டவர்கள்தாம் மிகுதி. அதற்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது என்பதால், தம் சூழலைக் குறிப்பிட்டுக் கேட்டவர்களின் கேள்விகளையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அலுவலகம் முடிந்து வீடு திரும்பினால் இரவில் அரை மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. நண்பர்கள் டோட்டா 2 ஆட அழைக்கிறார்கள். சேரலாமா?

பதில்: வார நாள்களில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, ஓர் ஆட்டம் சராசரியாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைவிட, நீண்டுகொண்டே போனால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும், நடுவில் நாம் எழுந்துவிட்டால் யாருக்கு நட்டம் என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட இரு அணிகள் மோதும் டோட்டா 2-இல் ஓர் ஆட்டம் நாற்பது நிமிடம் ஓடுவது வழக்கம். இரு அணிகளும் சமமாக இருந்தால் ஒரு மணி நேரத்தையும் தாண்டிவிடும். இடையில் நீங்கள் விலகினால் உங்கள் அணியின் மற்ற நால்வரும் ஓர் ஆள் குறைவாக ஆட நேரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் திரும்பி வராத ஆட்டக்காரரை ஆட்டத்தைக் கைவிட்டவராகவே விளையாட்டு பதிவு செய்து, அப்படிப்பட்டவர்களுக்கென்று உள்ள தனி வரிசையில் தள்ளிவிடும். அந்த வரிசையில் உடன் ஆடுபவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் அரை மணி நேரத்துக்கு ராக்கெட் லீக் பொருத்தமானது. கார்களை ஓட்டிப் பந்தை கோலுக்குள் தள்ளும் இந்த ஆட்டத்தின் கடிகாரம் ஐந்து நிமிடம்தான். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டாலும் பந்து தரையில் படும்வரை ஆட்டம் முடியாது என்பதால், தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நொடியில் பந்தைக் காற்றிலேயே வைத்திருக்கப் படும் பாட்டைப் பார்ப்பதே தனி இன்பம். கூடுதல் நேரத்தையும் சேர்த்து ஏழெட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆட்டம் ஆடிவிட்டு உறங்கப் போகலாம். 2015-இல் விலைக்கு வந்த இது, 2020 முதல் இலவசம். கைபேசிதான் இருக்கிறது என்றால், இருவர் மோதும் கிளாஷ் ராயலைப் பாருங்கள். மூன்று நிமிடமும் சிறிது கூடுதல் நேரமும் போதும். சுடும் ஆட்டந்தான் வேண்டும் என்று நண்பர்கள் பிடிவாதம் பிடித்தால், வேலரன்டில் பதின்மூன்று சுற்று வெல்ல வேண்டிய வழக்கமான முறையை விட்டு, ஐந்து சுற்று வென்றால் முடிந்துவிடும் குறுகிய முறையை ஆடச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. எந்த நொடியில் எழ வேண்டியிருக்கும் என்று தெரியாது. ஏழு நிமிடம் என்றுகூட உறுதி சொல்ல இயலாத என்னைப் போன்றவர்களுக்கு ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. ஒருவர் காய் நகர்த்திய பின் மற்றவர் தம் வசதிப்படி நகர்த்தும் ஆட்டங்கள் உங்களுக்கானவை. லிச்செஸ் தளத்தில் ஒரு நகர்வுக்கு இத்தனை நாள் என்று வைத்துச் சதுரங்கம் ஆடலாம். அந்தத் தளத்தில் விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. சதுரங்கம் கடுமையாகத் தோன்றினால், பிரான்சில் தொடங்கிய போர்ட் கேம் அரினா என்னும் தளத்தில் நூற்றுக்கணக்கான பலகை ஆட்டங்கள் இருக்கின்றன. அவற்றிலும் நாளுக்கு ஒரு நகர்வு என்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம். நான்கு ஊர்களில் இருக்கும் நால்வர் ஓர் ஆட்டத்தை மூன்று வாரம் இழுத்து முடிப்பது அங்கே இயல்பான ஒன்று.

தெரிந்தவர்கள் மட்டும் சேர்ந்து, கட்டைகளால் வீடும் ஊரும் கட்டி ஆடும் மைன்கிராஃப்டையும் பலர் பரிந்துரைப்பார்கள். ஒரு செய்தியை மட்டும் நினைவில் வையுங்கள். தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்தால் உலகம் நின்றுவிடும். பிறரோடு ஆடும்போது நிற்காது. குழந்தை அழுதால் ஓடுவதற்கு முன்பு, கூரையும் விளக்கும் உள்ள அறைக்குள் நுழைந்து கதவை அடைத்துவிடுங்கள். இல்லையேல் நீங்கள் திரும்பி வரும்போது இரவாகி, கிரீப்பர் என்னும் அரக்கன் அருகில் வந்து வெடித்து, கையிலிருந்த பொருளெல்லாம் தரையில் சிதறிக் கிடக்கும்.

கேள்வி: ஓராண்டாக ஆடுகிறேன், ஐயா. திறமை கூடியிருப்பது எனக்கே தெரிகிறது. ஆனாலும் ஆடுவதில் பாதியில் தோற்றுக்கொண்டேதான் இருக்கிறேன். என் குறை என்ன?

பதில்: உங்கள் குறை ஒன்றும் இல்லை, எதிராளியைச் சேர்த்துவைக்கும் முறை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ சதுரங்கத்துக்காக ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தார். 1970-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. இருவருக்கு இடையே 200 புள்ளி வேறுபாடு இருந்தால் மேலே இருப்பவர் நூற்றுக்கு எழுபத்தாறு அளவில் புள்ளி எடுப்பார் என்பது அதன் கணக்கு. சமமானவர்கள் மோதினால் இருவருக்கும் ஐம்பது. இன்றைய இணைய ஆட்டங்களில் பெரும்பாலானவை இம்முறையின் வழித்தோன்றல் ஒன்றைத்தான் பயன்படுத்துகின்றன. ரேங்க் (தரவரிசை) இல்லாத சாதாரண ஆட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மதிப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் வைத்திருப்பவை பல. நீங்கள் வென்றால் இன்னும் வலிமையான எதிராளி வருவார். தோற்றால் சற்று எளியவர் வருவார். ஆகவே திறமை கூடினாலும் வெற்றி விகிதம் கூடாது. எதிராளியின் தரம்தான் கூடும்.

இதை ஏற்றுக்கொண்டால், விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிடும். எப்படி ஆடினாலும் பாதி ஆட்டங்களில் தோற்கத்தான் போகிறோம். ஆகவே எதில் தோற்றாலும் எரிச்சல் வராதோ அதையே தேர்ந்தெடுப்பது நல்லது. கடைசியாகத் தோற்ற ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதில் யாரிடமாவது சொல்லிச் சிரிக்க ஏதேனும் இருந்ததா? ஃபால் கைஸில் வழுக்கு மேடையில் பலரோடு முட்டிமோதி, முடிவுக் கோட்டுக்கு ஓர் அடி முன்னால் உருண்டு விழுந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. சுடும் ஆட்டத்தில் கடைசிச் சுற்றில் தோற்றால் வருவது வேறு. உங்களுக்கு எது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: தூத்துக்குடியில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருக்கிறேன். அப்படியிருந்தும் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் சுடப்பட்டுச் சாகிறேன். நிறுவனத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் எந்த சர்வரில் (ஆட்டத்தை நடத்தும் தொலைதூரக் கணினியில்) ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடியில் எவ்வளவு தரவு வரும் என்பதைக் குறிக்கிறது. அது போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு கணக்கு. அந்த நேரத்தைத்தான் பிங் என்கிறோம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். போய்வரக் குறைந்தது 29 மில்லிநொடி. எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் அதற்குக் கீழே இறங்காது. ஐரோப்பிய சர்வர் என்றால் நூற்றைத் தாண்டிவிடும். வேலரன்ட் போன்ற சில விளையாட்டுகளுக்கு மும்பையிலேயே சர்வர் இருப்பதால், அதைத் தேர்ந்தெடுத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

சுவருக்குப் பின்னால் சாவதற்குக் காரணம் இதுதான்: சுட்டவரின் திரையில் அந்த நொடியில் நீங்கள் எங்கே தெரிந்தீர்கள் என்று சர்வர் சற்றே பின்னோக்கிப் போய்ச் சரிபார்க்கிறது. அவர் திரையில் நீங்கள் இன்னும் சுவருக்கு வெளியே நின்றீர்கள். உங்கள் திரையில் ஒளிந்துவிட்டீர்கள். இருவர் கண்டதும் உண்மையே. வைஃபையை விட்டுக் கேபிள் வழியாக இணைத்தால் பிங் ஏறி இறங்குவது குறையும். அதற்கு மேலும் சரிவராவிட்டால், நொடிப் பொழுதில் முடிவாகும் ஆட்டங்களை விட்டுச் சீட்டாட்டம், உத்தி ஆட்டம் போன்றவற்றின் பக்கம் வாருங்கள். அங்கே 150 பிங் வந்தாலும் ஒன்றும் கெடாது.

கேள்வி: நான் பெண். மைக்கில் பேசியதும் கேலி தொடங்கிவிடுகிறது. பேசாமல் ஆடினால் அணிக்கு உதவவில்லை என்று திட்டுகிறார்கள்.

பதில்: முகம் தெரியாதவரின் வசவைப் பொறுத்துக்கொள்வது எந்த ஆட்டத்தின் விதியும் அன்று. ஆட்டம் தொடங்கும் முன்பே குரலையும் எழுத்தையும் அடைத்துவிடுங்கள். வசவு வந்தால் தயங்காமல் ரிப்போர்ட் செய்யுங்கள். அதைவிட, பேச்சே தேவைப்படாதபடி வடிவமைத்த ஆட்டங்களைத் தேடுவது நிலையான தீர்வு. 2019-இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஒரே பொத்தானை அழுத்தி எதிரி எங்கே, துப்பாக்கி எங்கே, எந்தப் பக்கம் போகலாம் என்று அணிக்குக் காட்டும் வசதியைச் சிறப்பாகச் செய்திருந்தது. ஒரு சொல்கூடப் பேசாமல் முழு ஆட்டத்தையும் ஆடலாம். ஹார்த்ஸ்டோன் சீட்டாட்டத்தில் எதிராளியோடு முன்கூட்டியே எழுதிவைத்த சில வாசகங்களைத் தவிர வேறெதுவும் சொல்ல இயலாது. அதிலும் குத்தலாகப் பேச மக்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

எதிரி மனிதராக இல்லாத ஆட்டங்களில் பொதுவாகவே வசவு குறைவு. டீப் ராக் கேலக்டிக் என்னும் டேனிஷ் விளையாட்டில் நால்வர் சேர்ந்து குள்ளர்களாகச் சுரங்கத்தில் இறங்கிப் பூச்சிகளோடு போராடுவார்கள். அங்கே உடன் ஆடுவோரில் பெரும்பாலோர் பேசுவதே, ஒரு பொத்தானை அழுத்திக் கோடரியை உயர்த்திக் கூவும் உற்சாகக் கூச்சல்தான். முன்பின் தெரியாதவர்களோடு தொடங்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: பணம் வைத்து ஆடும் ரம்மியும் பொழுதுபோக்குத்தானே? அதையும் பட்டியலில் சேர்ப்பீர்களா?

பதில்: சேர்க்க மாட்டேன். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுவாகவே இருந்திருக்கும்.

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. கைபேசியில் ஆடும் சுடும் ஆட்டமான பிஜிஎம்ஐ ஆட அனுமதித்திருக்கிறேன். ஒரு மணி நேரம் என்று சொன்னால் முடியும்போதெல்லாம் சண்டைதான்.

பதில்: மணிக்கணக்கை விட்டு ஆட்டக் கணக்குக்கு மாறுங்கள். நூறு பேர் ஒரு தீவில் இறங்கிக் கடைசி வரை நிற்பவர் வெல்லும் அந்த ஆட்டம் அரை மணி நேரம் வரை போகலாம். கேரம் ஆடிக்கொண்டிருக்கும் நால்வரில் ஒருவரைப் பாதியில் எழுப்பி அழைத்துச் சென்றால் மற்ற மூவருக்கும் கோபம் வருவது போலத்தான் இதுவும். அவன் உங்களை எதிர்ப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அணியிடம் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறான். இரண்டு ஆட்டம், இரண்டாவது முடிந்ததும் கைபேசியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேர வரம்பு அந்த விளையாட்டிலேயே இருக்கிறது. ஆனால் அவன் வயதைச் சரியாகக் கொடுத்திருந்தால்தான் அது செயல்படும். கணக்கு தொடங்கும்போது அருகில் அமருங்கள்.

கேள்வி: இலவசமாக ஆடவிட்டு இவர்கள் எப்படிச் சம்பாதிக்கிறார்கள்? பேட்டில் பாஸ் வாங்கலாமா?

பதில்: உடை, துப்பாக்கிக்கு வண்ணம், நடன அசைவு ஆகியவற்றை விற்றுத்தான். பேட்டில் பாஸ் என்பது பணம் கொடுத்து வாங்கிய பின்னும், குறித்த காலத்துக்குள் ஆடித் தீர்த்தால்தான் பரிசு கைக்கு வரும் என்ற ஏற்பாடு. விட்டு விட்டு ஆடுபவருக்கு அது நட்டக் கணக்கு. ஆட மனமில்லாத நாளிலும் ஆட வைத்துவிடும். ஹெல்டைவர்ஸ் 2-இல் இத்தகைய தொகுப்புகளுக்குக் காலக்கெடு கிடையாது. அப்படிப்பட்டவற்றையே நான் விரும்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் பெட்டிகளைப் பொறுத்தவரை, பெல்ஜியம் 2018-லேயே அவற்றைச் சூதாட்டமாகக் கருதித் தடுத்துவிட்டது என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

கேள்வி: கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் சென்னை, சிங்கப்பூர், டொரண்டோ என்று சிதறிக் கிடக்கிறோம். இருவர் நன்றாக ஆடுவார்கள். மற்றவர்களுக்குப் பழக்கமே இல்லை.

பதில்: சனிக்கிழமை சென்னையில் இரவு எட்டு மணி என்றால் சிங்கப்பூரில் பத்தரை, கோடைக் காலத்தில் டொரண்டோவில் காலை பத்தரை. அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைத்திறன் தேவைப்படும் எதையும் தொடாதீர்கள். நன்றாக ஆடும் இருவரே வெல்வார்கள், மற்ற நால்வரும் மூன்றாம் வாரம் காணாமல் போவார்கள். அமாங் அஸ் ஆடினால் யார் பொய் சொல்கிறார்கள் என்பதுதான் போட்டி. பழைய நண்பர்களுக்கு அதில் அனுபவம் இருக்கும். உலாவியிலேயே ஆடக்கூடிய, படம் வரைந்து கண்டுபிடிக்கும் ஆட்டங்களான ஸ்கிரிபிள், கார்டிக் ஃபோன் ஆகியவற்றுக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஸ்கிரிபிளில் தனி அறை திறந்து நீங்களே சொற்களைக் கொடுக்கலாம்; பழைய பேராசிரியர்களின் பட்டப்பெயர்களைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊர் கட்டிக் குழுவாகப் போரிடும் கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் ஒரு குழுவில் மூன்றாண்டுகளாக இருக்கிறேன். இப்போது ஆர்வம் இல்லை. ஆனால் விட்டுப் போனால் தவறாக எண்ணுவார்களோ என்று தினமும் திறக்கிறேன்.

பதில்: நடந்துகொண்டிருக்கும் போரில் உங்களுக்குரிய இரண்டு தாக்குதல்களையும் முடித்துவிடுங்கள். அடுத்த போருக்கு உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று தலைவருக்கு ஒரு வரி எழுதுங்கள். போரில் பங்கேற்கவில்லை என்று குறிக்கும் பொத்தானும் ஆட்டத்துக்குள் உங்கள் விவரப் பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் மாற்றிவிடுங்கள். பிறகு அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, கணக்கைத் தயாரிப்பு நிறுவனத்தின் சூப்பர்செல் ஐடியோடு இணைத்தபின் செயலியை நீக்கலாம். ஓராண்டு கழித்துத் திரும்பினாலும் ஊர் அப்படியே இருக்கும். கிடங்கில் தங்கத்தைத்தான் யாராவது கொள்ளையடித்திருப்பார்கள்.