பிளொப்பியில் இருக்கும் கூத்துக் கொப்பியை லப்டொப்பில் எடுப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா கூத்துப் பழக்கும் அண்ணாவியாராக இருந்தவர். அவருடைய வடமோடிக் கூத்துக் கொப்பிகளை 1990களின் கடைசியில் கணினியில் அடித்து 3.5 அங்குல பிளொப்பிகளில் போட்டு வைத்தோம். கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது. பழைய கணினியின் பிளொப்பி டிரைவைக் கழற்றி வைத்திருக்கிறேன். அதை லப்டொப்பில் மாட்ட வயர் கிடைக்குமா?"

அந்த டிரைவை நேரே மாட்டுகிற வயர் கிடையாது ஐயா. அதன் 34 ஊசி இணைப்புக்குப் பழைய மதர்போர்டில் இருந்த பிளொப்பி கன்ட்ரோலர் வேண்டும். இப்போதைய லப்டொப்களில் அது இல்லை. யூஎஸ்பி பிளொப்பி டிரைவ் ஒன்று வாங்குங்கள். மின்சாரமும் அதே வயரில் வந்துவிடும், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஏ டிரைவாகத் தெரியும்.

டிரைவ் வந்த கையோடு பிளொப்பியைச் செருகிவிடாதீர்கள். வாவிக் காற்றில் 20 வருடத்துக்கு மேல் கிடந்த தட்டு அது. உலோக மூடியை விரலால் ஒதுக்கிப் பிடித்து, பின்பக்கத்து வட்டத் தகட்டை மெல்லச் சுழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தட்டு முழுக்க ஒரே சீராக மினுங்கினால் சரி. வெள்ளைப் புள்ளியோ மங்கலோ தெரிந்தால் பூஞ்சணம். அதை ஓடவிட்டால் டிரைவின் உள்ளே தட்டை வாசிக்கும் தலை அந்த இடத்தைச் சுரண்டும். தலையில் ஒட்டிய அழுக்கு அடுத்த பிளொப்பியையும் கெடுக்கும். அப்படிப்பட்டதைத் தனியே எடுத்து வையுங்கள்.

நல்லதாகத் தெரிபவற்றில் மூலையிலுள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி விடுங்கள். அப்போது தவறியும் எதுவும் எழுதப்படாது. போமட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து வேண்டாம் என்றே சொல்லுங்கள். அந்தக் கேள்வி வந்ததற்காகக் கூத்து அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தலையில் அழுக்கு இருந்தாலும் அப்படிக் கேட்கும். ஐசோபுரோபைல் அல்ககோலால் தலையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். கரகரவென்று ஒரே இடத்தில் அரைத்தால் உடனே வெளியே எடுங்கள்.

கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டாம். வின்இமேஜ் போன்ற மென்பொருளால் பிளொப்பி முழுவதையும் முதலில் ஒரே கோப்பாகப் பிரதி எடுங்கள். 1.44 எம்பி பிளொப்பி என்றால் அந்தப் பிரதி 1,474,560 பைட் இருக்கும். மற்ற வேலையெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

கழற்றிய டிரைவையும் எறியாதீர்கள். கிரீஸ்வீசில் என்றொரு சின்னப் பலகை இருக்கிறது. பழைய டிரைவின் 34 ஊசி வயரை அதில் மாட்டி யூஎஸ்பியில் இணைக்கலாம். சாதாரண யூஎஸ்பி டிரைவ் கைவிடும் பிளொப்பிகளை அதில் போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், கோப்பைத் திறந்ததும் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கிடந்தால் பதறாதீர்கள். அந்தக் காலத்தில் இங்கே பலரும் பாமினியில்தான் அடித்தார்கள். பாமினி எழுத்துருவை நிறுவித் தெரிவு செய்தால் அப்பாவின் விருத்தம், தரு என்ற கூத்துப் பாட்டுகள் தமிழிலேயே தெரியும். பிறகு, இப்போது எல்லாக் கணினியிலும் தமிழைக் காட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் பிசகலாம். அதனால் மூலக் கோப்பை அழிக்காமல், அந்தக் கூத்தில் ஆடிய யாரையாவது பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சரிபாருங்கள்.