ஆன்லைன் தேர்வில் 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் 7.2 மில்லி என்று போட்டால் ஏன் தவறு என்கிறது?

விடை 3.6 மில்லி. உங்கள் வகுத்தலில் பிழை இல்லை, பாட்டில்தான் வேறு. 12 கிலோ, கிலோவுக்கு 15 மி.கி., ஆக 180 மி.கி. பாராசிட்டமால், அதுவரை சரி.

ஏற்காட்டில் உங்கள் அலமாரியில் இருப்பது 5 மில்லிக்கு 125 மி.கி. சிரப்பாக இருக்கும், கைப்பழக்கத்தில் அதையே வைத்துப் போட்டிருப்பீர்கள், ஆனால் நீங்கள் இங்கே போட்டிருக்கும் ஆன்லைன் தேர்வுக் கேள்வியில் 5 மில்லிக்கு 250 மி.கி. என்று இருக்கிறது.

அடுத்த முறை முதல் வரியிலேயே 1 மில்லியில் எத்தனை மி.கி. என்று எழுதுங்கள். 125 என்றால் 25, 250 என்றால் 50, சொட்டு மருந்து பெரும்பாலும் 100. 180ஐ அதால் வகுத்தால் முறையே 7.2, 3.6, 1.8 மில்லி. சொட்டு மருந்தில் 7.2 மில்லி கொடுத்தால் 720 மி.கி. போய்விடும், அது ஒரு நாள் முழுவதற்குமான உச்ச அளவு, ஒரே வேளையில்!

சேலத்தில் நான் வேலை பார்த்த இடத்துக்குக் காபித் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா கொடுத்த பாட்டிலில் லேபிள் பாதி கிழிந்து ‘5 மில்லி’ மட்டும் மிச்சமிருந்தது. அதை அப்படியே ஒதுக்கிவைத்தோம், ஊகித்துக் கொடுக்கவே கூடாது.

அப்புறம், இது தேர்வுக்கான கணக்கு. வார்டில் டாக்டர் எழுதிய அளவுதான், எடையை அன்றே போட்டுப் பாருங்கள், வீட்டில் சளி சிரப் ஏதாவது கொடுத்தார்களா என்றும் கேளுங்கள், அதிலும் பாராசிட்டமால் இருக்கலாம்.