ஊழியப் பயணத்துக்குப் புறப்படுமுன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் விடுமுறையில் எங்கள் சபை இளையர் 14 பேர் நேப்பாளம் செல்கிறோம். சுற்றுலா விசாவில் சென்று சுவிசேஷக் கைப்பிரதிகள் கொடுக்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

வேண்டாம். நேப்பாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 ஆகஸ்ட்டில் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி, மதம் மாற்றுவோருக்கும் அதற்குத் தூண்டுவோருக்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்; வெளிநாட்டவராக இருந்தால், தண்டனை முடிந்த ஏழு நாள்களுக்குள் அவர் நாடு கடத்தப்படுவார்.

நீங்கள் எப்படியும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிடுவீர்கள். உங்களுக்கு வீட்டில் இடம் கொடுத்து, சோறு போட்டு, கூட்டம் கூட்டிய உள்ளூர்ப் போதகரோ அதே ஊரில், அதே அண்டை வீட்டாருடன், அதே காவல் நிலையத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு வாழவேண்டும். ஆகவே, எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால், அதை விசுவாசக் குறைவாக எண்ணாதீர்கள். வீட்டு ஜெபக் கூட்டத்தில் எடுத்த படங்களைச் சபையின் முகநூல் பக்கத்தில் போடுவதும் அவ்வாறே: ஊர்ப்பெயரும் முகங்களும் தெரியும் ஒரே படம், யார் யார் அங்கே கூடுகிறார்கள் என்பதை வேண்டாதவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஜெபித்துவிட்டுப் புறப்பட்டால் போதும் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். எனினும், 2007 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் காபூலிலிருந்து கந்தஹார் செல்லும் வழியில் 23 தென்கொரியக் கிறிஸ்தவர்களைத் தாலிபான்கள் கடத்தியதையும், குழுவை வழிநடத்திய போதகர் உட்பட இருவர் கொல்லப்பட்டதையும் ஒவ்வொரு குழுத் தலைவரும் நினைவில் வைக்கவேண்டும். அரசாங்கத்தின் பயண எச்சரிக்கையும் ஜெபத்தோடு சேர்த்துக் கவனிக்கவேண்டியதே.

தமிழ்நாட்டில் என் தாத்தாவின் கிராமத்தில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடத்தப்போகிறோம். என்னிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருக்கிறது, அது போதாதா? (தெம்பனிஸ் வாசகர்)

போதாது. 2021 மார்ச்சில் வெளியான இந்திய அரசின் அறிவிக்கையின்படி, ஓசிஐ அட்டை வைத்திருப்போரும் மிஷனரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி பெறவேண்டும். சுற்றுலா விசாவில் வரும் உங்கள் நண்பர்களுக்கும் பிரசங்கிக்க இடமில்லை. மிஷனரி விசா என்று தனியாகவே ஒன்று உண்டு. சொந்த ஊர்தானே என்ற எண்ணத்தில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

17 வயது மகளை முதன்முறையாக அனுப்புகிறேன். எதற்கு அதிகம் அஞ்சவேண்டும்? (ஹவ்காங் வாசகி)

சாலைக்கு, அம்மா. உலக அளவில் 5 முதல் 29 வயதுக்குட்பட்டோரின் உயிரிழப்புக்கு முக்கியக் காரணம் சாலை விபத்தே. இரவில் மலைப்பாதையில் செல்லமாட்டோம் என்று குழுத் தலைவரிடம் எழுத்து மூலம் உறுதி கேளுங்கள். ஒருமுறை நாங்கள் அமர்த்திய வேனில் இருக்கை வார்கள் அனைத்தும் உறைக்குள் மடித்துத் தைக்கப்பட்டிருந்தன. முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, எல்லாரும் வார் அணிந்த பிறகே வண்டியை எடுக்கச் சொன்னோம். அதற்கு 40 நிமிடம் பிடித்தது, ஓட்டுநருக்குக் கோபம்.

அடுத்தது நாய். சிங்கப்பூரில் 1953 முதல் வெறிநாய்க்கடி நோய் இல்லாததால், இங்கு வளர்ந்த பிள்ளைகள் தெருநாயைத் தடவிக்கொடுக்கத் தயங்குவதில்லை. கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்; நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது. பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே டான் டோக் செங் மருத்துவமனையின் பயணிகள் மருந்தகம் போன்ற ஓரிடத்தில் தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். மலேரியா உள்ள பகுதியென்றால், டாக்சிசைக்கிளின் மாத்திரையைத் திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்கவேண்டும். வீட்டுக்கு வந்தவுடன் நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு.

பயணக் காப்புறுதியை வாங்கிவிட்டோம். இன்னும் என்ன பாக்கி? (ஈசூன் வாசகர்)

விதிவிலக்குகள் அச்சிடப்பட்ட பக்கத்தைப் படியுங்கள். கூரை வேய்தல், சுவர் கட்டுதல் போன்ற உடலுழைப்பில் ஏற்படும் காயத்துக்குச் சில திட்டங்கள் இழப்பீடு தருவதில்லை. அவசர மருத்துவ வெளியேற்றம், அதாவது நோயாளியைத் தகுந்த மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு, சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். குழுவினர் ஒவ்வொருவரும் வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவுசெய்யட்டும். கடப்பிதழ் நகல்களையும் உறவினர் தொலைபேசி எண்களையும் பயணம் போகாத ஒருவரிடம், இரவிலும் அழைப்பை எடுப்பவரிடம், கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.