ஜெயிக்கிற டீமை விட்டுப் போகிறவன்

வணக்கம் ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். தோட்டத்து கரப்பந்து டீமையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு வருடமாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்களை ஜெயிக்க ஆளில்லை. இப்போது எங்களின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் அட்டனில் ஒரு கிளப்புக்குப் போகிறேன் என்கிறான். பெரியவர்கள் "நன்றி கெட்ட பயல்" என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் போனில் என்.பி.ஏ. என்கிற அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டிகளைப் பார்க்கும் என் மகன், "கைரி ஏர்விங்கும்தான் ஜெயிக்கிற டீமை விட்டுப் போனார், அதுவும் குற்றமா?" என்று மடக்குகிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆசிரியர் ஒருவர், தலவாக்கலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மகன் நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறான். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

கிளீவ்லாந்து டீம் கைரியை எடுத்தது 2011இல். அதன் பெரிய நட்சத்திரமான லெப்ரோன் ஜேம்ஸ் அதை விட்டு மயாமி டீமுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று சீசன் தோல்விமேல் தோல்வி. அப்படியிருந்தும் 2014 ஜூலை தொடக்கத்தில், மேலும் ஐந்து வருடத்துக்கு கைரி சம்மதித்தார். இனி இது நம் டீம் என்றுதான் நினைத்திருப்பார். அதே மாதம் லெப்ரோன் திரும்பி வருவதாக அறிவித்தார்.

அப்புறம் வெற்றிதான். 2015, 2016, 2017 என்று வரிசையாக மூன்று இறுதிப் போட்டிகள். 2016இல் கோல்டன் ஸ்டேட் டீமுடன் ஏழு ஆட்டத் தொடரில் 3-1 என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதில் 89-89 என்று சமநிலை, ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. அந்த டீமின் ஸ்டெஃபன் கறி எதிரே நிற்க, கைரி வலப்பக்கம் ஒதுங்கி மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்தார். விழுந்தது. முடிவில் 93-89. பெரிய விளையாட்டுகளில் 52 வருடமாகக் கிண்ணம் காணாத ஊருக்கு கிண்ணம் வந்தது. அந்தக் கிண்ணத்தை யார் வாங்கிக் கொடுத்தது என்று இன்று யாரைக் கேட்டாலும் லெப்ரோன் என்பார்கள். அது தப்பும் இல்லை, அந்தத் தொடரில் அவர் ஆடியது அப்படி. ஆனால் கடைசியில் பந்தைப் போட்டவனுக்கு வயது 24. தனியாக நின்றால் நான் யார் என்று பார்க்க அவனுக்கு ஆசை வந்தால் அதை நன்றிகெட்டதனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2017இல் வேறு டீமுக்கு மாற்றச் சொல்லி கைரி கேட்டார், பொஸ்டன் டீமுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் இருந்ததால் அவர் தானாகக் கிளம்ப முடியாது, டீம்தான் விட வேண்டும். இந்த ஏற்பாடு நம் ஆட்களுக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக துரையிடம் துண்டு வாங்க வேண்டும். ஆளின் கடன் அதில் எழுதியிருக்கும், புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் ஆள் மாறலாம். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆட்டக்காரரையும் நம் பாட்டன்மாரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் விடுகிறதா வேண்டாமா என்பது வைத்திருக்கிறவன் கையில் என்பது இரண்டுக்கும் பொது.

இனி கைரிக்குப் பதிலாக பொஸ்டன் யாரைக் கொடுத்தது என்று பாருங்கள். முக்கியமான ஆள் ஐசையா தோமஸ். ஐந்தடி ஒன்பது அங்குலம், 2016-17 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளிகள். 2017 ஏப்ரலில் தங்கை கார் விபத்தில் இறந்த மறுநாளே பொஸ்டனுக்காகக் களமிறங்கினார். மே 2, தங்கையின் பிறந்தநாள். அன்று 53 புள்ளிகள் எடுத்தார். கடைசியில் இடுப்புக் காயத்தோடு வெளியேறினார். அதே வருடம் ஆகஸ்டில் பொஸ்டன் அவரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பிவிட்டது. "வியாபாரம்" என்றார்கள், சரி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். டீம் ஆளை அனுப்பினால் வியாபாரம், ஆள் டீமை விட்டால் துரோகமா? உங்கள் தோட்டத்துப் பெரியவர்களிடம் நான் கேட்பேனென்றால் இதைத்தான் கேட்பேன்.

கைரி பக்கம் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. 2018 அக்டோபரில் பொஸ்டன் ரசிகர்கள் முன்னால், நீங்கள் வைத்துக்கொண்டால் அடுத்த வருடமும் இங்கேயே இருப்பேன் என்று சொன்னார். 2019இல் புரூக்ளினுக்குப் போய்விட்டார். கிளீவ்லாந்தை விட்டதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், இதைச் சொல்வேன். யாரும் வற்புறுத்தாமல் தானாகக் கொடுத்த வாக்கு அது. அதை உங்கள் மகன் மறந்துவிட்டான். லெப்ரோன் இல்லாமல் கைரி கிண்ணம் வாங்கவில்லையே, அப்படியானால் போனது தப்புத்தானே என்பார்கள் சிலர். போகிற அன்றைக்கு யாருக்கு அது தெரியும்?

அட்டனுக்குப் போகிற உங்கள் ஆட்டக்காரன் அடுத்த போட்டிக்கு ஆடுகிறேன் என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறானா? கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருந்தால் அதை முடித்துவிட்டுப் போகட்டும். சொல்லவில்லை என்றால் இன்றே போகட்டும், நீங்களே அட்டன் கிளப்புக்காரர்களுடன் பேசி பஸ் காசுக்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பிள்ளைகள் அந்தக் காசுக்குத்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். அப்புறம் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அடுத்த பையனைக் கூப்பிட்டு இந்த வாரமே வலைக்கு முன்னால் நிறுத்துங்கள். கைரி போன மறு வருடமும் கிளீவ்லாந்து இறுதிப் போட்டிக்கு வந்தது. அங்கே 4-0 என்று தோற்றது வேறு விஷயம்.